மதிலுக்கு அப்பால் நாற்பது இறால்

மலைக்கு ஒரு ராஜா, ஆற்றுக்கு ஒரு ராஜா, மாடு மேய்கிற காட்டுக்குக் கூட ஒரு ராஜா என்று நாடு துண்டு துண்டாகக் கிடந்த காலத்துக் கதை இது. வந்தவர்கள் உட்காருங்கள். வராதவர்களுக்காகக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. கதையில் பொறாமைக்காரி ஒருத்தி வருகிறாள். அவளைக் காக்க வைத்தால் நம்மைப் பார்த்தும் வயிறெரிவாள்.

ஆற்றுக்கு ராஜாவாக இருந்தவரின் நாட்டில் நாணல்துறை என்று ஓர் ஊர். மொத்தம் இருபது வீடு. இருபது வீட்டுக்கும் ஆற்று இறால்தான் சோறு போட்டது. பொடி இறால் இல்லை ஐயா, சாண் நீளம் இருக்கும். நீலக் கொடுக்கு இருக்கும். விரலைப் பிடித்தால் லேசில் விடாது. பிரம்பில் பின்னிய பறியைச் சாயங்காலம் தண்ணீரில் போடுவார்கள், விடிந்ததும் எடுப்பார்கள். உள்ளே போன இறாலுக்கு வெளியே வர வழி தெரியாது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. கோடையில் ஆறு வற்றிப் போகும். அங்கங்கே குட்டை குட்டையாகத் தண்ணீர் நிற்கும். குட்டை காய்வதற்குள் ஒவ்வொரு வீட்டாரும் அதில் சிக்கிய இறாலைப் பிடித்துவந்து, கொல்லையில் உள்ள கல்தொட்டியில் விட்டு, நான்கு மாதம் வளர்க்க வேண்டும். விற்கக் கூடாது. தின்னக் கூடாது. செத்துப்போக விடக் கூடாது. புதுவெள்ளம் வந்த அன்று ராஜாவே தெருவுக்கு வந்து தொட்டி தொட்டியாக எண்ணுவார். எண்ணி முடித்ததும் எல்லாவற்றையும் ஆற்றில் விட்டுவிடுவார்கள். ஆற்றில் இறால் குறையாமல் இருந்தது அதனால்தான்.

எந்தத் தொட்டியில் உயிரோடு அதிகம் இருக்கிறதோ, அந்த வீட்டுக்குக் கருமடுவில் ஒரு வருஷம் பறி போடும் உரிமை கிடைக்கும். கருமடு என்பது கரும்பாறைக்கு அடியில் உள்ள ஆழம். ஆற்றில் உள்ள இறாலில் பாதி அங்கேதான் குடியிருக்கும். கருமடு கிடைத்த வீட்டில் மூன்று வேளையும் உலை கொதிக்கும். கிடைக்காத வீட்டில் ஒரு வேளை கொதித்தால் சரி.

இப்போது நம்ம ஆளுக்கு வருவோம். பெயர் சிலம்பாயி. அவள் புருஷன் சடையன், வாயில்லாத மனுஷன். சிலம்பாயி கைராசிக்காரி. வேருக்கு அடியில் கையை விட்டால் கையோடு இறால் வரும். கண்ணை மூடிக்கொண்டு தொட்டே ஆணா, பெண்ணா, முட்டை வைத்திருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். ஆறு வருஷமாகக் கருமடு அவள் வீட்டுக்குத்தான். ஊரே அவளை மடுக்காரி என்றுதான் கூப்பிட்டது. அந்தப் பெயரை யாராவது சொல்லும்போது அவள் திரும்பிப் பார்க்கிற அழகே தனி.

சடையனுக்கு ஒரு தம்பி, மருதன். அடுத்த வீடு. இரண்டு கொல்லைக்கும் நடுவில் ஒரு மண்மதில். மருதன் அந்த வருஷம்தான் கல்யாணம் பண்ணிக் குருவம்மாவைக் கூட்டி வந்தான். குருவம்மா வேறு ஆற்றங்கரைப் பெண். வந்த மூன்றாம் நாளே ஊர்ப் பெண்கள் எல்லாம் அவளோடு தண்ணீருக்குப் போக ஆரம்பித்தார்கள். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். சிலம்பாயிக்கு அந்தச் சிரிப்பே பிடிக்கவில்லை. என்னத்தைக் கண்டு இப்படிச் சிரிக்கிறாள், நம்மிடம் இல்லாதது என்ன இருக்கிறது இவளிடம் என்று யோசிக்க ஆரம்பித்தாள். அந்த யோசனை புண்ணை நோண்டுவது மாதிரி. ஆரம்பித்தால் கை நிற்காது.

ஒரு நாள் கிணற்றடியில் குடம் முந்துவதில் ஏதோ பேச்சு வந்தது. "உன் வாசல்படியில இனி என் கால் படாதுடி" என்று குருவம்மாவிடம் சொல்லிவிட்டுச் சிலம்பாயி வந்துவிட்டாள். சொன்னவள் சொன்னபடியே நின்றாள். அதுதான் வினையாகப் போனது.

கோடை வந்தது. ஆறு வற்றியது. சிலம்பாயி குட்டை குட்டையாக இறங்கிக் கை நிறைய, கூடை நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள். குருவம்மாவுக்கு அப்போது மசக்கை. வாந்தி. அவள் எழுந்து நடந்து குட்டைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கடைசிக் குட்டையில் சேற்றைக் கிளறி ஒன்பது இறால் பிடித்தாள். அதுவும் சின்னது, விரல் நீளம்.

ஒன்பதையும் ஒரு சட்டியில் போட்டுத் தெரு வழியாகக் கொண்டுபோனபோது சிலம்பாயி பார்த்தாள். அன்றைக்கு அவள் வயிறு குளிர்ந்தது. மத்தியானம் ஒரு பிடி சோறு கூடவே தின்றாள்.

குளிர்ந்த வயிறு ஒரு மாதம்தான் தாங்கியது.

ஒரு நாள் காலையில் கொல்லையில் நின்றவளுக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் குருவம்மாவின் சிரிப்புக் கேட்டது. இவளுக்கு என்ன சிரிப்பு, ஒன்பது இறாலை வைத்துக்கொண்டு என்று நினைத்தாள். உரலைக் கவிழ்த்துப் போட்டாள். ஏறினாள். எட்டிப் பார்த்தாள். குருவம்மா உள்ளே போய்விட்டிருந்தாள். தொட்டி மட்டும் இருந்தது. மேலே கொஞ்சம் பாசி, கீழே இரண்டு மூன்று கொட்டாங்கச்சி, நடுநடுவே இறால். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். பதினான்கு வந்தது.

மறுபடி எண்ணினாள். பதினான்குதான்.

இங்கே நான் கொஞ்சம் கதையை நிறுத்தி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இறால் வளரும், அதன் ஓடு வளராது. உடம்பு பெருக்கப் பெருக்க ஓடு இறுக்கும். இறுக்கம் தாங்காமல் ஒரு நாள் முதுகுப் பக்கம் பிளந்து, முழு ஓட்டையும் கழற்றிப் போட்டுவிட்டு இறால் வெளியே வந்துவிடும். சட்டை கழற்றுவது என்று நாணல்துறையில் சொல்வார்கள். மீசை, கண், கால், கொடுக்கு எல்லாம் அந்தச் சட்டையில் அச்சு அசலாக இருக்கும். உள்ளே மட்டும் ஒன்றும் இருக்காது. சட்டை கழற்றிய இறால் இரண்டு நாளைக்கு மெத்தென்று இருக்கும். மற்றது கடித்தால் போச்சு. கூட்டம் நிறைய இருக்கும் தொட்டியில் கழற்றிய சட்டையை ஒன்றுக்கொன்று போட்டி போட்டுத் தின்றுவிடும். ஏழெட்டு இருக்கும் தொட்டியில் தின்ன ஆள் இல்லாமல் அப்படியே கிடக்கும். குருவம்மா அதை அள்ளி எறியவில்லை. பசி எடுத்தால் சட்டையைக் கடிக்கட்டும், மெத்தென்று கிடப்பதைக் கடிக்க வேண்டாம் என்று விட்டு வைத்திருந்தாள்.

இதெல்லாம் சிலம்பாயிக்குத் தெரியாதா? கேட்பீர்கள் என்று தெரியும். நன்றாகவே தெரியும். தன் தொட்டியில் ஒரு சட்டை கிடந்தால் பத்தடி தூரத்தில் நின்றே இது சட்டை என்று சொல்லிவிடுவாள். ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் கிடந்தது அவளுக்கு இறாலாகத்தான் தெரிந்தது. தெரிய வேண்டும் என்று அவள் மனசு சொன்னது, கண் கேட்டுக்கொண்டது.

அன்றிலிருந்து காலையில் ஒரு தரம், உச்சி வேளையில் ஒரு தரம், பொழுது சாயும்போது ஒரு தரம் உரல் கவிழ்ந்தது. உரலில் நெல் குத்தி மாசக்கணக்காயிற்று. சடையன் உமி போகாத சோற்றைத் தின்றுவிட்டுப் பேசாமல் போவான்.

குருவம்மா நத்தையை உடைத்து அதன் சதையைத் தொட்டியில் போடுவதைச் சிலம்பாயி பார்த்தாள். இதுதான் மருந்து என்று இறங்கி ஓடி, வயல் வரப்பெல்லாம் அலைந்து, அவள் போட்டதைப் போல இரண்டு மடங்கு நத்தை போட்டாள். போட்டாளே தவிர, தன் தொட்டிக்குள் குனிந்து பார்க்கவில்லை. கையை வீசிக் கொட்டிவிட்டு உரலுக்கு ஓடினாள். அங்கே இருபத்து மூன்று இருந்தது.

குருவம்மா இறால் ஒளிந்துகொள்ளக் கொட்டாங்கச்சியும் உடைந்த பானை ஓடும் போடுவதைப் பார்த்தாள். தெருவில் உள்ள கொட்டாங்கச்சியை எல்லாம் பொறுக்கி வந்து தன் தொட்டியில் கொட்டினாள். குனிந்து பார்க்கவில்லை.

குருவம்மா தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து இறாலோடு பேசுவதைப் பார்த்தாள். என்ன பேசினாள் என்று காதில் விழவில்லை. மந்திரம் சொல்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, தானும் தொட்டிக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, மதிலைப் பார்த்தபடி ஏதேதோ முணுமுணுத்தாள். சடையன் பார்த்துவிட்டு, பெண்டாட்டிக்குக் காத்துக் கருப்பு ஏதும் பட்டுவிட்டதோ என்று வேப்பிலை ஒடித்து வந்து வாசலில் செருகினான்.

நான்காம் மாதம் எண்ணினாள். நாற்பது.

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பது, நாற்பது என்று வாய் முனகிக்கொண்டே இருந்தது. கருமடு போய்விடும். ஆறு வருஷம் மடுக்காரியாக இருந்தவள் இனிமேல் ஓடுகிற தண்ணீரில் பறியைப் போட்டுவிட்டு, அது அடித்துப் போகாமல் இருக்கக் கல்லைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. மடுக்காரி என்று குருவம்மாவைக் கூப்பிடுவார்கள், அவள் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். அதை நினைத்தபோதுதான் நெஞ்சுக்குள் அடுப்பு பற்றியது.

"ஒன்பது எப்படி நாப்பதாச்சு?" என்று சடையனிடம் கேட்டாள். "நம்ம தொட்டியில இருந்து அள்ளிட்டுப் போறா. இல்லாட்டி எங்கேருந்து வரும்?"

சடையன் வாய் திறந்தது அந்த நான்கு மாதத்தில் அன்றைக்கு ஒரு தரம்தான். "நம்ம தொட்டியில எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாத்தியா?"

"அதை எண்ணி என்ன ஆகப் போவுது? நம்மது எங்கே போயிடும்?"

இத்தனைக்கும் குருவம்மா ஒரு நாள் மதில் மேல் தெரிந்த தலையைப் பார்த்துவிட்டாள். கோபித்துக்கொள்ளவில்லை. "என்னக்கா, எங்க இறாலைப் பாக்குறீங்களா? உள்ள வந்து பாருங்க. இருக்கிறது ஒன்பதுதான், மத்ததெல்லாம் சட்டை" என்றாள். சிலம்பாயி தலையை இழுத்துக்கொண்டாள். திருடி சொல்கிற சாக்கைப் பார் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். உண்மையை நேராகச் சொன்னால் நம்ப ஒரு மனசு வேண்டும் அல்லவா? அது அவளிடம் அப்போது இல்லை.

புதுவெள்ளம் வந்தது. ஆற்றில் செந்நுரை தெரிந்ததும் பறை அடித்தார்கள். ராஜா பல்லக்கை ஊர் எல்லையில் விட்டுவிட்டு நடந்து வந்தார். வயசானவர். முழங்கால் வலி. தெருவில் உள்ள ஒவ்வொரு கொல்லைக்கும் போய்த் தொட்டியைப் பார்த்து, ஆளை விட்டு எண்ணச் சொன்னார். பதினெட்டு வீடு முடிந்தது. அதில் எல்லாவற்றையும்விட அதிகம் இருந்த தொட்டியில் முப்பத்தொன்று.

மிச்சம் சடையன் வீடும் மருதன் வீடும். எண்ணுவதற்கு முன்பு முறையீடு ஏதும் இருந்தால் சொல்லலாம் என்பது அந்த ஊர்ச் சட்டம். எண்ண ஆரம்பித்தபின் வாய் திறக்கக் கூடாது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ராஜா நின்றபோது சிலம்பாயி முன்னால் வந்து கும்பிட்டாள்.

"ராசா, எனக்கு ஒரு நியாயம் வேணும். இவ கொண்டாந்தது ஒன்பது. ஊரே பாத்துச்சு. இப்ப இவ தொட்டியில நாப்பது இருக்கு. என் தொட்டி எறால்தான் அங்க கெடக்கு. அதனால அந்தத் தொட்டியை எனக்குக் குடுத்துடுங்க. என் தொட்டியில மிச்சம் மீதி என்ன கெடக்கோ அதை அவ எடுத்துக்கட்டும்."

கூட்டம் சலசலத்தது. ராஜா ஒரு கல்லில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே மூன்று கேள்வி கேட்டார்.

"அங்கே நாற்பது இருப்பது உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு நாளைக்கு மூணு வாட்டி எண்ணுறேன் ராசா."

"உன் தொட்டியில் எத்தனை?"

ஆறு வருஷமாக இறால் வளர்க்கிறவளுக்குத் தன் தொட்டிக் கணக்குத் தெரியவில்லை. "எண்ணலை ராசா" என்றாள்.

"அந்தத் தொட்டித் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தாயா?"

"அவ வாசல்ல நான் கால் வைப்பேனா?"

ராஜா குருவம்மாவைப் பார்த்தார். அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள். "நீ என்னம்மா சொல்கிறாய்?"

"நான் யாரு வீட்டு எறாலையும் எடுக்கலை ராசா. என்கிட்ட இருக்கிறது ஒன்பதுதான்" என்றவள், சிலம்பாயி பக்கம் திரும்பினாள். "அக்கா, மாத்திக்காதீங்க. அது வெறும் சட்டைக்கா. நீங்க தொட்டுப் பாத்தா ஒரு நொடியில தெரிஞ்சுக்குவீங்க. நட்டம் உங்களுக்குத்தான்."

"பாத்தீங்களா ராசா, குடுக்க மனசு வரலை" என்றாள் சிலம்பாயி.

"மாற்றிவிட்டால் மாற்றியதுதான். பிறகு வந்து அழக் கூடாது. போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல். நான் காத்திருக்கிறேன்" என்றார் ராஜா.

பாவி மகள் அப்போதாவது போயிருக்கலாம். பத்தடி தூரம். "நான் பாத்ததை விடவா? மாத்தியே குடுங்க" என்றாள். சடையன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"சரி. இந்த நொடியிலிருந்து அது உன் தொட்டி, இது அவள் தொட்டி" என்றார் ராஜா.

தன் தொட்டி ஆன பிறகுதான் சிலம்பாயி அந்த வாசல்படியைத் தாண்டினாள். கொல்லைக்குப் போனாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் கையை விட்டாள். கொடுக்கு வந்து விரலைக் கவ்வும் என்று பழகிய கை அது. ஒன்றும் கவ்வவில்லை. ஒன்றைப் பிடித்தாள். வெங்காயத் தோல் மாதிரி நொறுங்கியது. இன்னொன்றைப் பிடித்தாள். அதுவும் நொறுங்கியது. மூன்றாவதைப் பிடிப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண் பொய் சொல்லலாம், அவள் கை ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

எண்ணுகிறவன் வந்து எண்ணினான். முப்பத்தொரு சட்டையை எடுத்து வெளியே போட்டான். உயிரோடு இருந்தது ஒன்பது. நன்றாக வளர்ந்து சாண் நீளம் ஆகியிருந்தது என்னவோ உண்மை. ஆனால் ஒன்பது.

பிறகு மதிலுக்கு இந்தப் பக்கம் வந்தார்கள். சிலம்பாயி பிடித்து வந்த இறாலை விட்ட தொட்டி. இரண்டு மடங்கு நத்தை தின்ற தொட்டி. தெருவில் உள்ள கொட்டாங்கச்சி எல்லாம் கிடந்த தொட்டி. ஒவ்வொரு கொட்டாங்கச்சியாகத் தூக்கத் தூக்க, அதற்கு அடியிலிருந்து நீலக் கொடுக்கை உயர்த்திக்கொண்டு ஒவ்வொன்றாக வந்தது. இருபது வந்தது. முப்பது வந்தது. முப்பத்தொன்றைத் தாண்டும்போது கூட்டம் தொட்டியை நெருங்கி மொய்த்தது. எண்ணுகிறவன் நாற்பது என்றான், அப்புறம் ஐம்பது என்றான். கடைசியில் ஐம்பத்தெட்டில் நிறுத்தினான். நாணல்துறையில் அதுவரை யாரும் ஐம்பத்தெட்டு வளர்த்ததில்லை.

"இந்த வருஷம் கருமடு மருதன் வீட்டுக்கு" என்றார் ராஜா. சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பறை முழங்க இறாலை எல்லாம் பானையில் அள்ளி ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். தெரு காலியானது. சிலம்பாயி தன் பழைய தொட்டி ஓரத்தில் நின்றாள். தண்ணீர் கலங்கிக் கிடந்தது. குருவம்மா ஆற்றுக்குப் போகாமல் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். இந்தத் தரம் சிரிக்கவில்லை.

"மடுவுல பாதி நாள் நீங்க போடுங்கக்கா, பாதி நாள் நாங்க போடுறோம். அவருகிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள்.

சிலம்பாயிக்கு மடுவின் பேச்சு காதில் ஏறவே இல்லை. அவள் அழுதாள். மடு போனதற்கு அழவில்லை. நான்கு மாதம் தன் கொல்லையில், தன் காலடியில் இருந்ததை ஒரு நாள்கூடக் குனிந்து பார்க்காமல் போனோமே என்று நெஞ்சு ஆறாமல் அழுதாள்.

"ஏன்டி குருவம்மா" என்று கேட்டாள். "அம்பத்தெட்டும் என்னுதாவா இருந்துச்சு?"

"ஆமாக்கா" என்றாள் குருவம்மா. "அம்பத்தெட்டும் உங்களுதுதான்."

கதை அவ்வளவுதான், எழுந்து போங்கள், போகும்போது இதை மட்டும் கொண்டு போங்கள்: பொறாமை பிடித்தவருக்கு அடுத்த வீட்டு வெறும் ஓடுகூட உயிருள்ள இறாலாகத் தெரியும், தன் வீட்டில் உயிரோடு இருப்பது கை விட்டுப் போகும்வரை கண்ணில் படவே படாது.